உறையாக் குருதியும் ஊசி மருந்தும்

இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளையையும் கஹவத்தையையும் கடந்து, மாதம்பைச் சந்தியிற் பெருந்தெருவை விட்டுப் பிரிந்து மலைப்பக்கம் ஏறினால், றக்வானை நகரம் வந்துவிடும். நாற்பது கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரம். நகரத்துக்கு அப்பால், சூரியகந்தைப் பக்கம் வரையும் தேயிலை மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, சிங்கராசா வனத்தின் ஓரத்தைத் தொட்டு நிற்கின்றன. அம்மலைகளின் மடிப்புகளிலே லயங்கள் இருக்கின்றன. மேற்கணக்கு லயமொன்றிலிருந்து கடைத்தெருவுக்கு வருவதற்கு, நல்ல வெயிற் காலத்தில் ஒரு பொழுதும் மழைக் காலத்தில் இன்னொரு பொழுதும் செல்லும். தோட்டத்து மக்கள் இத்தூரத்துக்குப் பழகியவர்கள். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் பள்ளிக்கும் கோவிலுக்கும் நடந்தே பழகியவர்கள். ஆனால் ஒரு வகை நோயாளிக்கு மட்டும் இத்தூரம் நடையால் அளக்கப்படுவதன்று, மணித்தியாலத்தால் அளக்கப்படுவது. அந்நோயாளி பெரும்பாலும் ஓர் ஆண்பிள்ளை. அவனுடைய நோய் ஈமோபீலியா என்னும் குருதி உறையா நோய்.

அத்தகைய ஒரு பையனைக் கற்பனையில் எண்ணிப் பார்க்கலாம். பத்து வயது, ஐந்தாம் வகுப்பு, புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகின்றவன். காலையிற் படிக்கட்டுகளில் இறங்கி வரும்போது கால் சற்றே பிசகுகிறது. விழவில்லை; தோலிற் கீறலுமில்லை. பாடசாலைக்கு வந்து அமர்ந்தபின், முழங்காலுக்குள்ளே எறும்பு ஊர்வது போன்ற ஓர் உணர்ச்சி தோன்றுகிறது. அஃது என்னவென்று அவனுக்குத் தெரியும். முன்னரும் பலமுறை வந்ததுதான். எனினும் அவன் வாய் திறப்பதில்லை. சொன்னால் அம்மாவை மலையிலிருந்து அழைப்பார்கள். அம்மாவுக்கு அன்றைய பேர் போய்விடும். பேர் போனால் அன்றைய சம்பளம் போய்விடும். பகல் மணி அடிக்கும்போது முழங்கால் சூடேறி, பலாக்காய் போல் வீங்கி, நீட்டவும் மடக்கவும் முடியாததாகிவிடுகிறது. இந்த மௌனமே இந்நோயின் பெரும்பகுதியான கேட்டுக்குக் காரணம். மருந்து இல்லாமையால் ஊனமான கால்கள் பல. மருந்து இருந்தும் பிந்திப் போனமையால் ஊனமான கால்களும் அவற்றிற் குறைந்தனவல்ல.

ஈமோபீலியா உள்ளவனுக்கு ஊசி குத்தினாலே உயிர் போய்விடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. தோலில் ஏற்படும் சிறு கீறலை, குருதியில் மிதக்கும் சிறுதட்டுக்கள் அடைத்துவிடுகின்றன. அவை அவனிடத்தும் குறைவின்றி உள்ளன. அவனிடத்திற் குறைவானது, அந்த அடைப்பை இறுக்கி நிலைநிறுத்தும் புரதங்களுள் ஒன்று. ஆதலின் அவனுக்குக் குருதி பீறிட்டு ஓடுவதில்லை. நிற்கவேண்டிய நேரத்தில் நில்லாமல் நீண்டு கசிகிறது. அக்கசிவு வெளியே தெரியும் இடத்தில் நிகழ்ந்தால் அழுத்திப் பிடிக்கலாம். முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூட்டுகளின் உள்ளேயும், தசைகளின் ஆழத்திலும், எல்லாவற்றுக்கும் மேலாக மண்டையோட்டுக்குள்ளேயும் நிகழ்ந்தால் யார் அழுத்துவது?

கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இதனை விளக்குவது எளிது. மழை பெய்த மறுநாள் மலையில் அட்டை கடிக்காத கால் கிடையாது. சவுக்காரம் பூசிக்கொண்டு போனாலும் ஒன்றிரண்டு ஏறிவிடும். அட்டை விழுந்த பின்னரும் கடிவாயிலிருந்து குருதி கசிந்துகொண்டேயிருக்கும். அட்டையின் உமிழ்நீரிலே குருதியை உறையவிடாத ஒரு பொருள் இருப்பதே அதற்குக் காரணம். அந்தப் பொருளை அட்டை சிறிது நேரத்துக்கு மட்டும், ஓரிடத்தில் மட்டும் இடுகிறது. ஈமோபீலியா உள்ள பிள்ளைக்கோ உடல் முழுவதும், பிறந்த நாள் தொட்டு, ஏறத்தாழ அந்த நிலைதான்.

குறைவான புரதம் எது என்பதைப் பொறுத்து நோய் இருவகைப்படும். எட்டாம் காரணி குறைந்தால் ‘ஏ’ வகை; ஒன்பதாம் காரணி குறைந்தால் ‘பீ’ வகை. வைத்தியசாலைகளில் இவற்றை ஃபக்டர் எட்டு, ஃபக்டர் ஒன்பது என்று வழங்குவர். ‘ஏ’ வகையே மிகுதி. ஏறத்தாழ ஐயாயிரம் ஆண் பிறப்புக்கு ஒன்று எனக் கொள்ளலாம். சாதாரண மனிதரிடம் உள்ள அளவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் காரணி உள்ளவர்க்கு நோய் கடுமையானது. ஒன்று முதல் ஐந்து பங்கு வரை உள்ளவர்க்கு நடுத்தரம். அதற்கு மேல் இலேசானது. இலேசான நோயுடையவர் பல் பிடுங்கும் நாள் வரை அதனை அறியாமலே இருந்துவிடுதலும் உண்டு.

தோட்டத்துக் குடும்பங்களில் தாய்மாமனுக்குரிய இடம் தனி. காதுகுத்துக்குப் பிள்ளையை மடியில் வைத்திருப்பவர் அவரே. ஈமோபீலியாவைத் தேடும் வைத்தியரும் முதலில் விசாரிப்பது தாய்மாமனைத்தான். ஏனெனில் இந்நோய் தாய்வழியே வருவது. தாய் நோய் கடத்துபவராயின், பிறக்கும் ஒவ்வோர் ஆண்பிள்ளைக்கும் நோய் வருதலும் வராமையும் சரிபாதி வாய்ப்பு. ஒவ்வொரு பெண்பிள்ளையும் கடத்துபவராதல் சரிபாதி வாய்ப்பு. நோயுற்ற ஆணுக்குப் பிறக்கும் ஆண்மக்களுக்கு அவரிடமிருந்து நோய் வாராது; பெண்மக்கள் யாவரும் கடத்துபவராவர். நோயுற்ற மாமனுக்கு மருமகளைக் கட்டிக்கொடுக்கும் வழக்கமுள்ள வீடுகளில், பெண்பிள்ளைக்கும் இந்நோய் வரக்கூடும் என்பதனை முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டறிதல் நலம். இவ்வளவையும் சொன்னபின், இன்னொன்றையும் சொல்லாமல் விடலாகாது. நோயாளர்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்னர் யாருக்கும் இந்நோய் இருந்ததில்லை. தாயின் வயிற்றுக் குற்றம் என்று மாமியார் ஏசுவதற்கு இங்கே இடமில்லை. பிரித்தானிய அரசி விக்டோரியாவின் மகனுக்கும் இந்நோய் இருந்தது. ரஷ்யப் பேரரசின் கடைசி இளவரசனுக்கும் இருந்தது. அரண்மனையில் வந்தபோது ஒருவரும் அதனைத் தீட்டு என்று சொல்லவில்லை.

இனி மருந்தின் கதை. அதன் தொடக்கத்தில் ஒரு பாம்பு வருகிறது. சிங்கள மக்கள் தித்பொலங்கா என்றும் தமிழர் கண்ணாடி விரியன் என்றும் அழைக்கும் அப்பாம்பு தீண்டினால், உடலிலுள்ள உறைபொருள்கள் யாவும் செலவாகிக் குருதி உறையாது போய்விடும். ஆயின் அதே நஞ்சின் ஒரு சிறு துளியைக் கண்ணாடிக் குழாயிலுள்ள குருதியில் இட்டால், அது விரைந்து உறைகிறது. 1934ஆம் ஆண்டு இலண்டனிலே மக்ஃபர்லேன் என்னும் இளம் வைத்தியரும், மிருகக்காட்சிச் சாலையில் ஊர்வனவற்றுக்குப் பொறுப்பாயிருந்த பானெட் என்பவரும், அந்நஞ்சை மிக மிக நீர்க்கச் செய்து, ஈமோபீலியா நோயாளரின் பல் பிடுங்கிய குழியில் வைத்துக் குருதியை நிறுத்தினர். வெளிக்காயத்துக்கு அது போதும். மூட்டுக்குள்ளே கசியும் குருதிக்கு அது போதாது. இல்லாத காரணியை நாளத்தின் வழியே ஏற்றுவதொன்றே வழி.

அதற்கு நெடுங்காலம் முழுக் குருதியும் குருதித் திரவமுமே கிடைத்தன. போத்தல் போத்தலாக ஏற்றினாலும் போதிய காரணி சேராது. 1952ஆம் ஆண்டு, ஒக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள், நோய் ஒன்றன்று, இரண்டு என்று காட்டினர். புதிதாக அறியப்பட்ட ‘பீ’ வகைக்கு, கிறிஸ்மஸ் என்னும் குடும்பப் பெயருடைய ஒரு சிறுவனின் பெயரையே இட்டனர். 1964இல் அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூடித் பூல் அம்மையார், உறைய வைத்த குருதித் திரவத்தைக் குளிரிலே மெதுவாக உருகவிட்டால், அடியில் தங்கும் மண்டியில் எட்டாம் காரணி செறிந்திருப்பதை வெளியிட்டார். கிரையோ என்று வைத்தியசாலைகளில் வழங்கும் பொருள் அதுவே. பெரிய போத்தலின் பயன் சிறிய பையொன்றில் அடங்கிற்று. ஆனால் ஒன்பதாம் காரணி அதிலில்லை. ‘பீ’ வகைப் பிள்ளைக்குக் கிரையோ ஏற்றிப் பயனில்லை. இவ்வேறுபாட்டை மறத்தல் இன்றுங்கூட நிகழக்கூடிய தவறு.

அதன்பின் வந்ததே குப்பியிலடைத்த உலர்ந்த தூள். நீர் சேர்த்துக் கலந்து, சில நிமிடங்களில் ஏற்றிவிடலாம். நோயாளர் வைத்தியசாலைக் கட்டிலை விட்டு எழுந்து, பள்ளிக்கும் வேலைக்கும் போகத் தொடங்கினர். அந்த மகிழ்ச்சியின் அடியிலே பெருந்துயரம் ஒன்று பதுங்கியிருந்தது. ஒரு குப்பித் தூளைச் செய்ய ஆயிரக்கணக்கானோரின் குருதித் திரவம் ஒன்றாகக் கலக்கப்பட்டது. அவர்களுள் ஒருவரிடம் நோய்க்கிருமி இருந்தாலும் கலவை முழுவதும் கெட்டது. 1970களிலும் 1980களின் முற்பகுதியிலும் எயிட்ஸ் கிருமியும் ஈரல் அழற்சிக் கிருமிகளும் இவ்வழியே பல்லாயிரவர் உடலிற் புகுந்தன. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியிலுள்ள ட்ரெலோர் பள்ளியில், 1970 முதல் 1987 வரை ஈமோபீலியா உள்ள 122 மாணவர் பயின்றனர். 2024ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் அந்நாட்டு விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்தபோது, அவர்களுள் ஏறத்தாழ முப்பதுபேரே உயிரோடிருந்தனர். பிள்ளைகளைப் படிக்க அனுப்பிய பெற்றோர், வகுப்பறைக்கு அருகிலேயே மருத்துவ நிலையம், அங்கேயே மருந்து. பாதுகாப்பு என்று எண்ணி அனுப்பிய இடத்திலேயே அது நிகழ்ந்தது. தன் பெயரால் நோய்க்குப் பெயர் கொடுத்த அந்தச் சிறுவனும் வளர்ந்து பெரியவனாகி, ஏற்றப்பட்ட குருதியால் எயிட்ஸ் கிருமி தொற்றி, 1993இல் இறந்தார்.

இத்துயரத்தின் பின்னரே மருந்துகளைச் சூடாக்கியும் இரசாயனப் பொருள்களால் தூய்மை செய்தும் கிருமிகளை அழிக்கும் முறைகள் கட்டாயமாயின. 1990களின் தொடக்கத்தில், மனிதக் குருதியிலிருந்து எடுக்காமல், மரபணு முறையால் ஆய்வுகூடத்தில் ஆக்கிய எட்டாம் காரணியும் வந்தது. இன்று முறையாகச் செய்யப்பட்ட குப்பி மருந்து, அக்காலத்து மருந்து அன்று. அதனைக் கண்டு அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. கையாளும் முறையை அறிந்துகொண்டால் போதும்.

அந்த முறையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். முதலாவது, மருந்தைப் பேணுதல். பெரும்பாலான குப்பிகள் 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்கவேண்டியவை, உறைந்துவிடவும் கூடாது. குளிர்சாதனப் பெட்டியின் கதவிலும், ஐஸ் அறையை ஒட்டியும் வைத்தல் தவறு, நடுத்தட்டே உகந்தது. சில மருந்துகளை அறை வெப்பத்திலும் குறிப்பிட்ட காலத்துக்கு வைத்திருக்கலாம். அந்தக் காலம் பெட்டியின் உள்ளிருக்கும் துண்டுத்தாளில் எழுதப்பட்டிருக்கும். வெளியே எடுத்த நாளைப் பெட்டியின் மேல் எழுதிவிட வேண்டும். 2022ஆம் ஆண்டு பங்குனி மாத இறுதியில், இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டமை நேயர்கள் மறக்கக்கூடியதன்று. எரிபொருளும் அரிதாயிருந்த அந்த ஆண்டிலே, மருந்தை வைத்திருக்கும் பெட்டியும் குளிரவில்லை. மருந்தைத் தேடிப் போகும் வண்டியும் ஓடவில்லை. மின்சாரம் நின்றால் பெட்டியைத் திறவாதிருப்பதும், தேவையாயின் மருந்தைத் துணியிற் சுற்றி, ஐஸ் நேரே படாதவாறு குளிர்ப்பெட்டியில் வைப்பதும் அறிந்திருக்கவேண்டிய சிறு காரியங்கள்.

இரண்டாவது, அளவு. இது பாடசாலைக் கணக்குத்தான். எட்டாம் காரணியில், உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு ஓர் அலகு ஏற்றினால், குருதியிலுள்ள அளவு நூற்றுக்கு இரண்டு உயரும். ஒன்பதாம் காரணியிலோ ஓர் அலகுக்கு ஏறத்தாழ ஒன்றே உயரும். மேலே சொன்ன பையனின் நிறை 24 கிலோ. அவனுடைய குருதியில் அளவு 40க்கு உயரவேண்டும் என்று வைத்தியர் தீர்மானிக்கிறார் என்று கொள்வோம். ‘ஏ’ வகையாயின் 24ஐ 40ஆற் பெருக்கி இரண்டால் வகுக்க 480 அலகு. 500 அலகுக் குப்பி ஒன்று. ‘பீ’ வகையாயின் 960 அலகு. 1000 அலகுக் குப்பி ஒன்று. எஞ்சும் சிறு பகுதியை எடுத்து வைக்கலாகாது. குப்பி முழுவதையும் ஏற்றிவிடுவதே வழக்கம். எவ்வளவு உயரவேண்டும் என்பது எங்கே கசிகிறது என்பதைப் பொறுத்தது. அதனை வைத்தியரே விதிப்பார். தலையிலும் கழுத்திலும் வயிற்றிலும் நேர்ந்தால் மிக உயரவேண்டும். ஏற்றிய எட்டாம் காரணி ஏறத்தாழ 8 முதல் 12 மணித்தியாலத்திற் பாதியாகக் குறைந்துவிடும். வீக்கம் வற்றியதென்று இரண்டாம் ஊசியை விட்டுவிடுவோர் மறுபடியும் வீக்கத்தோடு வருவதன் காரணம் இதுவே. பையன் வளர்கின்றான் என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். மூன்றாம் வகுப்பிற் குறித்த நிறைக்கு ஐந்தாம் வகுப்பில் மருந்து கொடுத்தல் குறைவாகக் கொடுத்தலாகும்.

மூன்றாவது, கலத்தலும் ஏற்றலும். கையைச் சவுக்காரமிட்டுக் கழுவி, துடைத்த மேசையின்மீது எல்லாவற்றையும் எடுத்து வைக்கவேண்டும். பெட்டியின் மேல் எழுதியிருப்பது எட்டா, ஒன்பதா, எத்தனை அலகு, காலம் கடந்துவிட்டதா என்பவற்றை வாய்விட்டுப் படித்தல் நன்று. தூளும் நீரும் அறை வெப்பத்துக்கு வரும்வரை பொறுத்து, இறப்பர் மூடியை மதுசாரப் பஞ்சால் துடைத்து, மருந்தோடு வந்த கருவியாலேயே நீரைத் தூளிற் சேர்க்கவேண்டும். பிறகு குப்பியைக் குலுக்கலாகாது. நுரைத்துப் புரதம் கெடும். உள்ளங்கைகளுக்கிடையே மெதுவாகச் சுழற்றவேண்டும். துணுக்குகள் மிதந்தாலோ, கலங்கியிருந்தாலோ, அதனை ஏற்றாமல் வைத்தியசாலைக்குத் திருப்பவேண்டும். கலந்த மருந்தைச் சேமித்து வைத்தல் கூடாது. துண்டுத்தாள் கூறும் நேரத்துக்குள், பெரும்பாலும் மூன்று மணித்தியாலத்துக்குள், ஏற்றிவிட வேண்டும்.

ஏற்றுவது நாளத்தில், ஒருபோதும் தசையிலன்று. தசையில் ஊசி ஏற்றினால் அதுவே புதிய கசிவுக்கு வழியாகும். காய்ச்சலுக்கென்று பின்புறத்தில் ஊசி போடச் சொல்லும் பழக்கம் இப்பிள்ளைகள் வரையில் அறவே ஒழியவேண்டியது. நாளத்திலும் மெதுவாகவே செலுத்த வேண்டும். சிறு பிள்ளைக்கு நிமிடத்துக்கு 100 அலகுக்கு மேற்படாதிருத்தல் விதி. எனவே 500 அலகுக்கு ஐந்து நிமிடமாவது செல்லும். அவசரப்படுபவர் இந்த வேலைக்கு ஆகார். ஊசியை எடுத்தபின் கையை மடக்காமல், பஞ்சை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். பயன்படுத்திய ஊசிகள் மூடியுள்ள தடித்த பேணியில் இடப்பட்டு வைத்தியசாலைக்கே மீள வேண்டும். லயத்துப் பின்புறக் கானில் எறிந்த ஊசி இன்னொரு பிள்ளையின் காலில் ஏறும்.

ஏற்றும்போதோ சற்றுப் பின்னரோ உடல் முழுவதும் தடிப்பு எழுதல், மூச்சிரைத்தல், நெஞ்சு இறுகுதல் ஆகியவை தோன்றினால், உடனே நிறுத்தி வைத்தியசாலைக்கு விரையவேண்டும். ஒன்பதாம் காரணி ஏற்றத் தொடங்கும் முதற் சில தடவைகளில் இவ்வெதிர்விளைவு கடுமையாக வரக்கூடும். ஆதலின் தொடக்க ஊசிகள் வைத்தியர் கண்முன்னேயே போடப்படல் வேண்டும். வீட்டிலே ஊசி போடுதல் என்பது எல்லோருக்கும் உரியதன்று. வைத்தியர் அனுமதித்து, தாதி கைபிடித்துப் பயிற்றி, பயிற்சி முற்றியவர்க்கே அஃது உரியது.

இன்னுமோர் இடர் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. சிலருடைய உடல், ஏற்றும் காரணியை அந்நியப் பொருளெனக் கருதி, அதனை அழிக்கும் பொருளை உண்டாக்கிக்கொள்கிறது. கடுமையான ‘ஏ’ வகையில் நூற்றுக்கு முப்பது பேர் வரையில் இது நேரும். பெரும்பாலும் முதல் ஐம்பது ஊசி நாட்களுக்குள் தோன்றும். ‘பீ’ வகையில் மிகக் குறைவு. முன்னர் ஓர் ஊசியால் அடங்கிய வீக்கம் இப்போது இரண்டு மூன்று ஊசிக்கும் அடங்கவில்லையெனின், மருந்து கெட்டது என்றோ, பிள்ளை அடங்கியிருக்கவில்லை என்றோ சொல்லிவிட்டுப் போகாமல், குருதிப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். அத்தகையோர்க்கு வேறு மருந்துகள் இருக்கின்றன.

இவற்றையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிவருதல் இன்றியமையாதது. திகதி, நேரம், எந்த மூட்டு, ஏற்றிய மருந்தின் பெயர், அலகு, குப்பியின் தொகுதி இலக்கம், எத்தனை மணித்தியாலத்தில் நோவு குறைந்தது என்பன. எண்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். ஈமோபீலியா நோயாளரை அடிக்கடி காணாத சிறிய வைத்தியசாலை ஒன்றில், நள்ளிரவில் கடமையிலிருக்கும் இளம் வைத்தியர்க்கு, அந்தக் கொப்பியைவிடச் சிறந்த உதவி வேறில்லை. அதன் முதற் பக்கத்திலே நோயின் வகை, கடுமை, குருதி இனம், கண்காணிக்கும் விசேட வைத்திய நிலையத்தின் தொலைபேசி இலக்கம் ஆகியவை தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருத்தல் வேண்டும்.

மருந்து வந்து சேரும் வரை செய்யவேண்டியவையும், செய்யலாகாதவையும் சில. மூட்டை அசையாமல் உயர்த்தி வைத்து, துணியிற் சுற்றிய ஐஸை இடைவிட்டு வைக்கலாம். நோவுக்குப் பனடோல் கொடுக்கலாம். டிஸ்பிரின் போன்ற அஸ்பிரின் மருந்துகள் கூடவே கூடா, அவை சிறுதட்டுக்களின் வேலையையும் கெடுத்துவிடும். எண்ணெய் தேய்த்து உருவுதல் கூடாது. சபரகமுவ மாகாணத்திலே முறிவு வைத்தியத்திற் பெயர்பெற்ற பரம்பரையினர் உள்ளனர். முறிந்த எலும்பைக் கூட்டுவதில் அவர்களுடைய கைத்திறத்தை யாரும் குறைத்துப் பேசவேண்டியதில்லை. ஆனால் குருதி நிறைந்த மூட்டை வழித்து இழுத்தால், கசிவு இரட்டிக்கும். தலையில் அடிபட்ட பிள்ளைக்கோ, வாந்தி வருகிறதா, மயக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. முதலில் மருந்து, பிறகே படம் பிடித்தலும் பரிசோதனையும். மூட்டுக் கசிவுக்கும் இரண்டு மணித்தியாலத்துக்குள் மருந்து ஏறுதல் நன்று என்று உலக ஈமோபீலியா சம்மேளனத்தின் வழிகாட்டி கூறுகிறது.

இரண்டு மணித்தியாலம். றக்வானையின் மேல் மலைகளிலிருந்து பார்த்தால் இந்தச் சொல்லின் கனம் விளங்கும். 2003இலும் 2017இலும் வைகாசி மாத மழையிலே இரத்தினபுரி மாவட்டத்தில் மண் சரிந்து, வெள்ளம் பெருகி, பாதைகள் அற்றுப்போயின. அத்தகைய நாளில் மருந்து இரத்தினபுரியிலோ கொழும்பிலோ இருந்தென்ன? அரசாங்க வைத்தியசாலைகளில் வைத்தியத்துக்குக் கட்டணமில்லை. அஃது இந்நாட்டின் பெரும் பேறு. ஆனால் கட்டணமில்லாத மருந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலன்றோ பயன்? ஒரு பிள்ளைக்கு இந்நோய் என்று கண்டறிந்தவுடனே, அவனுக்குரிய ஓரிரு வேளை மருந்தை, அவனுக்கு அண்மையிலுள்ள வைத்தியசாலையின் குளிர்சாதனப் பெட்டியில் அவன் பெயரெழுதி வைத்திருக்க முடியுமா என்று பெற்றோர் கேட்கவேண்டும். கேட்டுப் பெறுதலில் வெட்கம் ஒன்றுமில்லை. தோட்ட வைத்திய உதவியாளரும், தோட்டத்து வாகனத்துக்குப் பொறுப்பானவரும், 1990 என்னும் இலக்கத்தில் அழைக்கப்படும் சுவசெரிய நோயாளர் காவு வண்டியின் பணியாளரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுதான்: இப்பிள்ளை வரிசையில் காத்திருக்கும் நோயாளியல்லன்.

பாடசாலைக்கும் இதிற் பங்குண்டு. இப்பிள்ளையைக் கண்ணாடிப் பாத்திரம் போல் மூலையில் இருத்துதல் ஒரு தவறு. ஒன்றுமில்லை என்று பந்தடிக்கு விடுதல் இன்னொரு தவறு. நடத்தலும் நீந்தலும் அவனுக்கு நல்லவை. தசை வலுத்தால் மூட்டுக்குக் காவல். முட்டி மோதும் ஆட்டங்கள் ஆகா. பிரம்பும் காது திருகலும் எந்தப் பிள்ளைக்கும் ஆகாதவை. இவனுக்கு அவை உயிராபத்து. எல்லாவற்றிலும் மேலாக, முழங்காலில் எறும்பு ஊர்கிறது என்று அவன் சொன்னவுடன், வீங்கட்டும் பார்ப்போம் என்னாமல் நம்புகின்ற ஆசிரியர் ஒருவர் அவனுக்கு வேண்டும். வீக்கம் வெளியே தெரிவதற்கு முன்பே அவன் உள்ளே அறிந்துவிடுகிறான். இந்நோயைப் பொறுத்தவரை முதற் பரிசோதகன் அவனே.

புதிய மருந்துகளும் வந்துகொண்டிருக்கின்றன. எமிசிசுமாப் என்னும் மருந்து 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது நாளத்திலன்றித் தோலின் கீழ் ஏற்றப்படுவது. கிழமைக்கொரு முறையோ, இரண்டு அல்லது நான்கு கிழமைக்கொரு முறையோ போதும். ஆனால் அது ‘ஏ’ வகைக்கே உரியது. கசிவு வராமற் காப்பதற்கே அன்றி, வந்த கசிவை நிறுத்துவதற்கன்று. அதனைப் பெறுகின்றவரும் அடிபட்டால் வைத்தியசாலைக்குப் போகவேண்டியவரே. தாம் பெறும் மருந்து இன்னதென்று அங்கே முதலிற் சொல்லவும் வேண்டும், ஏனெனில் அதனோடு சேர்த்துக் கொடுக்கலாகாத மருந்துகள் உண்டு. தமிழ்நாட்டிலே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், கடுமையான ‘ஏ’ வகை நோயாளர் ஐவருக்கு, அவர்களுடைய சொந்த உயிரணுக்களிலேயே மரபணுவைப் புகுத்திச் செய்த சிகிச்சையின் பயன் 2024ஆம் ஆண்டு மார்கழியில் வெளியிடப்பட்டது. அது மலையடிவாரம் வந்து சேரக் காலம் செல்லும். அதுவரை குப்பியும் ஊசியுமே துணை.

அந்தப் பத்து வயதுப் பையனிடம் மீண்டும் வரலாம். எறும்பு ஊர்கின்றது என்று காலை எட்டரை மணிக்கே அவன் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். தொலைபேசி தோட்டத்துக் காரியாலயத்துக்குப் போகிறது. தாய் கூடையை மலையிலேயே இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கி வருகிறாள். பத்து மணிக்குள் 500 அலகுக் குப்பி ஒன்று கரைந்து, ஐந்து நிமிடத்தில் நாளத்தினுள் ஏறிவிடுகிறது. முழங்கால் வீங்கவில்லை. அன்றைக்கு அவன் பாடசாலைக்குத் திரும்புவதில்லை. காலை நீட்டிப் படுத்திருக்கிறான். இரவு எட்டு மணிக்குத் தாய் மண்டபத்து விளக்கின்கீழ் கொப்பியைத் திறந்து, மூட்டு: வலது முழங்கால், நோவு: குறைந்தது, அடுத்த ஊசி: வைத்தியரைக் கேட்கவேண்டும் என்று எழுதுகிறாள். அவளுக்கு அன்றைய பேர் இல்லை. இல்லாமற் போன அந்த ஒரு பேரைப் பற்றித் தோட்ட நிருவாகங்களும் தொழிற்சங்கங்களும் ஒரு நாள் உட்கார்ந்து பேசுதல் தகும்.